குப்பையும் சரக்காம்!

சரக்கு என்றால் என்ன? விலை கொடுத்து வாங்குவது சரக்கு. கூலி கொடுத்து அகற்றச் சொல்வது குப்பை! சந்தைக்குக் கூடை தூக்கும் கிழவிக்கும் தெரிந்த வேற்றுமை இது. ஆனால், தோழர்களே, அமெரிக்க சுப்ரீம் கோர்ட் 1978 ஜூன் 23-ல் எழுதிய தீர்ப்பின்படி குப்பையும் வாணிபச் சரக்குதான்!

நியூஜெர்சி சின்னஞ்சிறு மாநிலம். ஒரு புறம் நியூயார்க், மறுபுறம் பிலடெல்பியா. பெருநகரங்கள் தின்று தீர்த்த மிச்சமெல்லாம் லாரி லாரியாக வந்து நியூஜெர்சி மண்ணிலே குவிந்தது. பொறுத்துப் பார்த்த மாநிலம், 1973-ல் வெளியார் குப்பைக்கு எல்லையை அடைத்துச் சட்டம் செய்தது. விடுவார்களா? குப்பைக் கிடங்கு நடத்தும் முதலாளிகளும், கொட்ட இடம் தேடிய நகரங்களும் வழக்காடினர். மாநிலத்து உயர்ந்த கோர்ட், சட்டம் செல்லும் என்றது. வாஷிங்டன் கோர்ட், செல்லாது என்றது. ஒன்பது நீதிபதிகளில் ஏழுபேர் அந்தப் பக்கம்.

ஏனாம்? மாநிலங்களுக்கிடையே நடக்கும் வாணிபம் காங்கிரசின் அதிகாரமாம். (நம் ஊர்க் காங்கிரஸ் அல்ல, அந்நாட்டு நாடாளுமன்றத்துக்கு அப்படிப் பெயர்!) உன் குப்பைக்கு இடமுண்டு, அடுத்தவன் குப்பைக்கு மட்டும் இல்லையா என்று கேட்டது கோர்ட். கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. எவன் வீட்டுக் குப்பையானாலும் நாற்றம் ஒன்றுதான். ஆனால் மாறுபட்டு எழுதிய நீதிபதி ரென்குவிஸ்ட் திருப்பிக் கேட்டார்: நோய்கண்ட மாட்டை எல்லையிலே மறிக்க மாநிலத்துக்கு உரிமை இருக்கிறதே, நோய் பரப்பும் குப்பையை மறிக்க ஏன் இல்லை? தன் குப்பையைத் தானே புதைக்கும் ஒரே காரணத்தால், ஊரார் குப்பைக்கெல்லாம் அவன் இடம் தரவேண்டுமா?

மாநில உரிமை பேசும் நமக்கு இந்தக் கேள்வி புதிதல்ல.

கதவை அடைக்க முடியாதவர்கள் கட்டணத்தைக் கூட்டிப் பார்த்தனர். அலபாமாவில் எமெல் என்று ஒரு சிற்றூர். கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக, வறுமையோடு வாழும் வட்டாரம். அந்நாட்டிலேயே மிகப் பெரிய நச்சுக்கழிவுப் புதைகுழியை வெட்டியது அங்கேதான்! செல்வர்கள் வாழும் சீமையிலா வெட்டுவார்கள்? வெளிமாநிலத்திலிருந்து வரும் நச்சுக்கழிவுக்கு மட்டும் டன்னுக்கு 72 டாலர் கூடுதல் கட்டணம் என்றது அலபாமா. 1992-ல் அதுவும் செல்லாதென்றாயிற்று. மாவட்டத்துக்கு வெளியே சேர்ந்த குப்பையைத் தடுத்த மிச்சிகன் சட்டத்துக்கும் அதே ஆண்டு அதே கதி. ஒரிகான் அவ்வளவு துணியவில்லை. உள்ளூர்க் குப்பைக்கு டன்னுக்கு 85 சென்ட், வெளியூர்க் குப்பைக்கு 2 டாலர் 25 சென்ட் என்று வைத்தது. 1994-ல் அதையும் அடித்துவிட்டார்கள்.

இடையிலே ஒரு வேடிக்கை. 1987-ல் நியூயார்க் வட்டாரத்துக் குப்பை மூவாயிரம் டன்னுக்குமேல் சுமந்து 'மோப்ரோ' என்ற படகு கிளம்பியது. வடகரோலினா வேண்டாமென்றது, லூசியானா வேண்டாமென்றது, மெக்சிகோ விரட்டியது, பெலிஸ் விரட்டியது. மாதக்கணக்கில் கடலில் அலைந்து, புறப்பட்ட நியூயார்க்குக்கே திரும்பியது, புரூக்ளினில் கொளுத்தினார்கள். சட்டப்படி அது சரக்கு, ஏற்கத்தான் ஆளில்லை!

அப்படியானால் மாநிலத்தின் கையில் மிஞ்சியது என்ன? கிடங்கின் அடியில் விரிப்புப் போடச் சொல்லலாம், கசியும் நஞ்சு கிணற்று நீரில் கலக்காமல் காக்கச் சொல்லலாம், கட்டணமும் விதிக்கலாம். ஆனால் உள்ளூருக்கும் வெளியூருக்கும் ஒரே அளவுகோல். இன்னொரு வழி 2007-ல் திறந்தது. நியூயார்க் மாநிலத்தில் இரு மாவட்டங்கள், தம் எல்லையில் சேரும் குப்பையெல்லாம் பொது அமைப்பு நடத்தும் நிலையத்துக்கே வரவேண்டும் என்றன. லாரி முதலாளிகள் எதிர்த்தனர். நிலையம் பொதுச்சொத்து, தனியார் அனைவரும் அங்கே சமம், ஆகவே செல்லும் என்றது அதே சுப்ரீம் கோர்ட். தனியார் நடத்திய நிலையத்துக்கு இதே ஏற்பாட்டைச் செய்த கிளார்க்ஸ்டவுன், 1994-ல் தோற்றிருந்தது.

வெளிக் குப்பையைத் தடுக்கும் அதிகாரத்தை மாநிலங்களுக்குத் தர நாடாளுமன்றத்தால் முடியும். ஒரு சட்டம் போதும். 1990-களில் மசோதாக்கள் வந்தன, விவாதித்தார்கள், கலைந்தார்கள். சட்டம் வரவில்லை. 2001-ல் ஸ்டேட்டன் தீவின் ஃபிரெஷ் கில்ஸ் கிடங்கை நியூயார்க் நகரம் மூடியபோது, அதன் குப்பை லாரிகள் பென்சில்வேனியாவுக்கும் வர்ஜீனியாவுக்கும் ஓடின.