சாலைச் சாவுகளைப் பாதியாக்க முடியுமா?

ஆம்பூரில் மாலை நேரத்தில் தோல் ஆலைகளும் காலணித் தொழிற்சாலைகளும் விடும்போது வெளிவரும் கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சிலர் நடந்தும், சிலர் சைக்கிளிலும், பலர் ஸ்கூட்டரிலும் வேனிலும் வீடு திரும்புகிறார்கள். சென்னையையும் பெங்களூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 48 அவர்கள் வழியில் குறுக்கிடுகிறது.

அதில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு லாரி வருவதாக வைத்துக்கொள்வோம். குறுக்கே வரும் ஒருவரைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். அதற்குள் லாரி 22 மீட்டர் ஓடிவிடும்! வேகம் இரு மடங்கானால் இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். மோதும்போது அந்த ஆற்றலைத் தாங்க வேண்டியது மனித உடல். ஆகவே விபத்துக்கு விதியைக் குறை கூறிப் பயனில்லை. வேகத்தைக் குறைத்தால் சாவும் குறையும்.

'விபத்தைக் குறைப்போம்' என்பது வெறும் ஆசை. எவ்வளவு குறைப்பது, எந்த ஆண்டுக்குள் என்று சொன்னால்தான் அது இலக்கு. 2020-க்குள் சாலைச் சாவுகளைப் பாதியாக்க 2015-இல் உலக நாடுகள் உறுதி பூண்டன. அது நிறைவேறவில்லை. 2021-இலும் சுமார் 11.9 லட்சம் பேர் மாண்டனர். 2010-ஐவிட 5 சதவீதமே குறைவு. 2030-க்குள் பாதியாக்க வேண்டும் என ஐ.நா. பொதுச்சபை 2020-இல் மீண்டும் தீர்மானித்தது.

பெரிய இலக்கை எட்டச் சிறிய இலக்குகள் தேவை. 2017-இல் இத்தகைய 12 இலக்குகள் வகுக்கப்பட்டன. அவற்றில் மூன்று: வேக வரம்பை மீறும் வாகனங்களின் விகிதத்தைப் பாதியாக்குவது, ஏறக்குறைய எல்லா இருசக்கர வாகன ஓட்டிகளும் தரமான ஹெல்மெட்டை முறையாக அணியச் செய்வது, அடிபட்டவருக்கு முதல் சிகிச்சை கிடைக்கும் நேரத்தைச் சுருக்குவது.

தமிழ்நாட்டில் 2022-இல் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 17,884 பேர். அதாவது நாளொன்றுக்கு 49 பேர். முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தை மாநில அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. இது மூன்றாவது இலக்குக்கு உதவும். முதல் இரண்டும் பெரிதும் நம் கையில்தான் இருக்கின்றன.

நாளை ஸ்கூட்டரில் ஏறுமுன் ஹெல்மெட்டின் வாரை மாட்டிவிட்டீர்களா என்று தொட்டுப் பாருங்கள். உலக இலக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.