குதிரைக்கு லாடம் வேண்டுமா, வேண்டாமா?

2021ஆம் ஆண்டு. தோக்கியோ ஒலிம்பிக். தடைதாண்டும் குதிரையேற்றக் குழுப் போட்டியில் சுவீடன் தங்கம் வென்றது.

அந்தக் குழுவில் இருந்த ஆல் இன், கிங் எட்வர்ட் என்ற 2 குதிரைகளைப் பார்த்தவர்களுக்கு ஒரே ஆச்சரியம். இரண்டின் காலிலும் லாடம் இல்லை! வெறும் குளம்போடு ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரத் தடைகளைத் தாண்டின. அடுத்த ஆண்டு கிங் எட்வர்ட் மீது ஏறிய ஹென்ரிக் வான் எக்கர்மன் உலக வெற்றியாளரானார். அப்போதும் அதே வெறும் குளம்புதான்.

அப்படியென்றால் இத்தனை காலமாக மனிதர்கள் குதிரைக்கு ஏன் லாடம் அடிக்கிறார்கள்? எல்லாக் குதிரைகளுக்கும் கழற்றிவிடலாமா?

பதில் அவ்வளவு சுலபமில்லை.

முதலில், குளம்பு என்றால் என்ன?

உங்கள் விரல் நகத்தைப் பாருங்கள். குதிரையின் குளம்புச் சுவரும் அதே கெரட்டின் புரதத்தால் ஆனதுதான். நகம்போலவே அதுவும் வளர்ந்துகொண்டே இருக்கும். மாதத்துக்குச் சுமார் 6 முதல் 10 மில்லிமீட்டர் வரை வளரும். முன்பக்கக் குளம்பு மேலிருந்து கீழ்வரை முழுசாகப் புதிதாக வளர ஏறக்குறைய ஓர் ஆண்டு பிடிக்கும்.

குளம்பைத் தூக்கி அடிப்பகுதியைப் பார்த்தால், நடுவில் முக்கோண வடிவில் ரப்பர்போல ஒரு பகுதி தெரியும். குதிரை காலை ஊன்றும்போது அந்தப் பகுதியும் குதிகாலும் சற்று விரிந்துகொடுக்கும். தரையில் மோதும் அதிர்ச்சியைத் தாங்க இயற்கை செய்த ஏற்பாடு அது.

ஆணி அடித்தால் வலிக்காதா?

பலருக்கும் வரும் சந்தேகம் இது. சரியாக அடித்தால் வலிக்காது. குளம்பின் வெளிச்சுவரில் நரம்பும் இல்லை, ரத்த ஓட்டமும் இல்லை. நாம் நகம் வெட்டுவதுபோலத்தான்.

ஆனால் உள்ளே சில மில்லிமீட்டர் தள்ளி உயிருள்ள திசு தொடங்கிவிடுகிறது. ஆணி அங்கே போனால் குதிரை நொண்டும், சீழ்கூடப் பிடிக்கலாம். அதனால்தான் இந்த வேலையை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. பிரிட்டனில் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெறாதவர்கள் குதிரைக்கு லாடம் அடிப்பது குற்றம்.

லாடம் ஏன் தேவைப்படுகிறது?

காட்டுக் குதிரை மேய்ந்துகொண்டே நாள் முழுதும் நடக்கும். அதன் குளம்பு வளரும் வேகமும் தேயும் வேகமும் ஏறக்குறைய சமமாக இருக்கும். மனிதனைச் சுமக்கும் குதிரையின் கதை வேறு. தார்ச்சாலையிலும் கல் நிறைந்த பாதையிலும் தினமும் வேலை செய்தால், வளர்வதைவிட வேகமாகத் தேய்ந்துவிடும். அப்போது லாடம் காப்பாற்றுகிறது.

தமிழ்நாட்டில் வண்டி மாட்டுக்கு லாடம் கட்டியதும் இதே காரணத்துக்காகத்தான். மாட்டின் குளம்பு பிளந்திருப்பதால் ஒரு காலுக்கு 2 துண்டு லாடம். குதிரைக்கு ஒன்றே போதும்.

தேய்மானம் மட்டுமல்ல. ஈரப் புல்தரையில் வழுக்காமல் இருக்க லாடத்தில் சிறிய உலோகக் குமிழ்களைத் திருகிக்கொள்ளலாம். குளம்பில் வெடிப்பு வந்தாலோ, குளம்பின் உட்பகுதியில் அழற்சி ஏற்பட்டாலோ, சிகிச்சைக்கென்றே தனி வடிவ லாடங்களும் இருக்கின்றன. பந்தயக் குதிரைகளுக்குப் பெரும்பாலும் எடை குறைந்த அலுமினிய லாடம்.

அப்புறம் ஏன் கழற்றுகிறார்கள்?

இரும்பு விரிந்துகொடுக்காது. லாடம் போட்ட குளம்பு முன்புபோல விரிய முடியாமல் போகலாம். தரையில் மோதும் அதிர்வும் கூடுகிறது. லாடம் எங்காவது மாட்டிப் பிய்ந்தால் குளம்புச் சுவரின் ஒரு துண்டும் சேர்ந்து வரும். அதே இடத்தில் மறுபடி மறுபடி ஆணி அடித்தால் சுவரும் பலவீனமாகும்.

மென்மையான மணல் தளத்தில் மட்டும் ஓடும் குதிரைக்கு, 'இது உண்மையிலேயே தேவையா?' என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது.

நம் ஊர் மழை

நம் வட்டாரத்தில் கூடுதலாக ஒரு சிக்கல். ஆண்டு முழுதும் மழை, ஈரம். தொடர்ந்து நனையும் குளம்பு ஊறி மென்மையாகிவிடும். ஒரு நாள் ஈரம், ஒரு நாள் வெயில் என்று மாறி மாறி வந்தால் ஆணிகளும் தளரும். லாயம் சுத்தமாக இல்லாவிட்டால் குளம்பின் அடியில் கறுப்பாக, துர்நாற்றத்தோடு கிருமித்தொற்று வரும். லாடம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், தினமும் குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்வது கட்டாயம்.

பந்தயத்தை விட்ட குதிரைகள்

சிங்கப்பூரில் கடைசிக் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5ஆம் தேதி கிராஞ்சியில் நடந்தது. பந்தயம் ஓடும் தரோபிரெட் இனக் குதிரைகள் எங்கே ஓய்வு பெற்றாலும் அவற்றுக்கு முன்னால் இந்தக் கேள்வி வந்து நிற்கும். சவாரிக்குப் பழக்குவதா, மேய்ச்சலுக்கு விடுவதா? லாடத்தைக் கழற்றுவதா, தொடர்வதா?

இந்த இனத்தில் பல குதிரைகளுக்குக் குளம்புச் சுவரும் அடிப்பகுதியும் மெல்லியவை. இளம் வயதிலிருந்தே லாடத்தோடு ஓடிய கால்கள். இன்று கழற்றிவிட்டு நாளைக்கே சவாரி போனால், ஒவ்வொரு கல்லும் குத்தும். பேசத் தெரியாத பிராணி, தயங்கித் தயங்கிக் காலை வைப்பதில்தான் வலியைச் சொல்லும். அதைச் 'சோம்பேறித்தனம்' என்று நினைத்து அதட்டுபவர்களும் உண்டு.

பழக்குவதற்குப் பல மாதங்கள் ஆகலாம். முதலில் மென்மையான தளம், குறைந்த வேலை. தேவைப்பட்டால், கழற்றி மாட்டக்கூடிய ரப்பர் காலணி. சில குதிரைகள் கடைசிவரை பழகாது. அவற்றுக்கு லாடம்தான் சரி. பின்னங்காலுக்கு மட்டும் கழற்றிவிட்டு முன்னங்காலுக்குத் தொடர்பவர்களும் இருக்கிறார்கள். ஏனென்றால் குதிரையின் எடையில் சுமார் 60 விழுக்காட்டை முன்னங்கால்கள்தான் தாங்குகின்றன.

எப்படி முடிவெடுப்பது?

4 கேள்விகள்:

1. குதிரை எந்தத் தரையில் வேலை செய்கிறது? மணலா, சாலையா, சரளைக் கல்லா?
2. வாரத்துக்கு எவ்வளவு வேலை?
3. குளம்பு எப்படி இருக்கிறது? அடிப்பகுதி எவ்வளவு தடிமன் என்பதைக் கால்நடை மருத்துவர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம்.
4. தொடர்ந்து கவனிக்க ஆள் இருக்கிறதா?

நான்காவது கேள்வியைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். லாடம் வேண்டாம் என்றால் செலவு மிச்சம், வேலை மிச்சம் என்று நினைக்காதீர்கள். லாடம் போட்ட குதிரைக்குப் பொதுவாக 4 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி பொருத்த வேண்டும். வெறும் குளம்பையும் ஏறக்குறைய அதே இடைவெளியில் சீவியாக வேண்டும். உணவும் முக்கியம். சர்க்கரை அதிகமுள்ள தீவனம் குளம்பின் உட்பகுதியையே பாதிக்கும்.

ஆகவே, 'லாடம் கொடுமை' என்று சொல்லும் காணொளியைப் பார்த்தாலும் சரி, 'லாடம் இல்லாவிட்டால் கொடுமை' என்று யாராவது வாதிட்டாலும் சரி, எந்தக் குதிரை, எந்தத் தரை, என்ன வேலை என்று கேளுங்கள்.

அடுத்தமுறை குதிரைச் சவாரிக்குப் போனால், ஏறுவதற்கு முன் அது நடப்பதைக் கொஞ்சம் கவனியுங்கள். சரளைக் கல்லில் தயங்குகிறதா, ஒரு காலை அதிகம் ஊன்றாமல் தவிர்க்கிறதா? அப்படியிருந்தால் பயிற்றுவிப்பாளரிடம் தயங்காமல் சொல்லுங்கள். சவாரியை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்.