மலைக்குப் பின்னால் விழுந்த நெருப்பு

கேரளத்து மலையூரான ஏலப்பாறையில் மேகம் விலகிய இரவு கிடைத்தால், தோட்டத்து லயத்து வாசலில் நின்றபடியே பாதி வானத்தைப் பார்த்துவிடலாம். அங்கே பச்சையும் மஞ்சளுமாக ஒரு தீக்கோளம் சீறிப் போனால், பார்த்தவர் அடித்துச் சொல்வார்: "அந்த மொட்டைக்குன்றுக்குப் பின்னாலதான் விழுந்துச்சு!"

பெரும்பாலும் விழுந்திருக்காது. நொடிக்கு 11 முதல் 72 கி.மீ. வேகத்தில் வரும் எரிகல், தரையிலிருந்து சுமார் 100 கி.மீ. உயரத்திலேயே ஒளிரத் தொடங்கிவிடும். அதன் முன்னால் நசுங்கும் காற்று கொதித்துக் கல்லை ஆவியாக்குகிறது. மெக்னீசியம் பச்சையாகவும் சோடியம் ஆரஞ்சு மஞ்சளாகவும் எரியும். வெள்ளிக் கோளைவிடப் பிரகாசமாக இருந்தால் அது தீக்கோளம். அத்தனை உயரத்தில் எரிவது இருநூறு, முந்நூறு கி.மீ. தள்ளி நிற்பவருக்கும் தெரியும். தூரம் கூடக்கூட அடிவானத்தை ஒட்டித் தெரிவதால், பக்கத்து மலையில் இறங்கியதுபோல் கண் நம்பிவிடுகிறது.

2015 பிப்ரவரி 27 இரவு பத்து மணியளவில் கேரளத்தில் இதுதான் நடந்தது. பல மாவட்டத்து மக்கள் ஒரே நெருப்பைப் பார்த்தார்கள், வெடிச்சத்தமும் கேட்டது. ராக்கெட் கழிவு என்றுகூட முதலில் பேச்சு எழுந்தது. ஆனால் சுற்றுப்பாதையிலிருந்து விழும் கழிவு நொடிக்கு 8 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான வேகத்தில், ஏறக்குறைய கிடைமட்டமாக, துண்டு துண்டாக நெடுநேரம் ஊர்ந்து போகும். எரிகல்லோ சில நொடிகளில் முடிந்துவிடும்.

சத்தத்தைப் பற்றி மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க மூன்று நொடி ஆகிறது. முப்பது கி.மீ. உயரத்தில் வெடித்தால், நேர் கீழே இருப்பவருக்கே ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் கேட்கும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் எரிகல் வெடித்தபோது, வெளிச்சம் என்னவென்று பார்க்க மக்கள் ஜன்னலருகே போய் நின்றார்கள். அதன் பிறகே அதிர்வலை வந்தது. காயமடைந்த சுமார் 1,500 பேரில் மிகப் பலரைக் கிழித்தது கண்ணாடிச் சில்லுதான். வானம் பளீரென்றால் ஜன்னலை விட்டு விலகிவிடுங்கள்.

இருபது கி.மீ. உயரத்துக்குள் வேகம் அடங்கி ஒளி அணைந்துவிடும். மிஞ்சிய கல் ஆறியபடியே இருட்டில் சும்மா விழும். அதனால் புல்லைப் பற்றவைத்த கல் என்று யாராவது காட்டினால் சந்தேகப்படலாம். விண்கல் நம் பக்கத்துக்குப் புதிதல்ல. கேரளத்தின் குற்றிப்புறத்தில் 1914-இல் விழுந்திருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரி அருகே 2008 செப்டம்பர் 12 காலையில் விழுந்தது சுமார் 110 கிலோ.

இப்படிப்பட்ட கல் விழுந்த இடத்தைக் கணக்கிட, பார்த்தவர் சொல்லும் விவரம் தேவை. எந்த மரத்துக்கு மேல் தோன்றியது, எந்த மேட்டுக்கு நேரே மறைந்தது, சத்தம் வர எத்தனை நொடி ஆனது? இரண்டு ஊர்க்காரர்கள் தாங்கள் நின்ற இடத்திலிருந்து இதைச் சரியாகச் சொன்னாலே பாதையை வரைந்துவிடலாம். கருகிய தோல் போர்த்த, கையில் எடுத்தால் எதிர்பாராத கனம் கனக்கும் கல் கிடைத்தால், கழுவாமல், உடைக்காமல் பொதிந்து வைத்து, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்குத் தகவல் சொல்லலாம்.