மூக்கில் திருகு பூட்டிய கப்பல்

ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவுக்குக் குளிர்காலத்தில் போகிறவர்கள் பெரும்பாலும் சப்போரோவின் பனித் திருவிழாவோடு திரும்பிவிடுகிறார்கள். என்னைக் கேட்டால், பனிச் சிற்பங்களுக்கு ஒரு நாள் தாராளம். மிச்ச நாட்களை ஓகோட்ஸ்க் கடலோரத்தில் இருக்கும் மொன்பெட்சு என்ற சிறு துறைமுகத்துக்கு ஒதுக்கலாம். ‘காரின்கோ’ கப்பல் ஓடுவது அங்கேதான்.

அதன் முகப்பில், நீர்மட்டத்தை ஒட்டி, இரண்டு பெரிய ஆர்க்கிமிடீஸ் திருகுகள் படுக்கைவாட்டில் பொருத்தப்பட்டிருக்கின்றன. பனிப்பாளத்தை அழுத்தி நொறுக்குவது கடினம். வளைத்தால் சட்டென்று முறிந்துவிடும். காரின்கோ செய்வது இரண்டாவது வேலை. சுழலும் புரிகள், மரத்தில் இறங்கும் திருகாணி போலப் பாளத்தைக் கவ்விக்கொண்டு முகப்பை மேலே ஏற்றுகின்றன. கப்பலின் எடை மேலிருந்து அமுக்க, பாளம் வளைந்து பிளக்கிறது. அந்தச் சத்தத்தை மேல்தளத்தில் நின்று கேட்க வேண்டும்.

இது சுற்றுலாவுக்காகப் பிறந்த யோசனை அல்ல. அலாஸ்காவின் உறைகடலில் எண்ணெய் எடுக்கும் திட்டங்களை மனத்தில் வைத்து, 1981-இல் சோதனைக் கலமாகக் கட்டினார்கள். அதையே சீரமைத்து 1987 முதல் மொன்பெட்சுவில் பயணிகளை ஏற்றினார்கள். இரண்டாவது காரின்கோ 1997-இலும் மூன்றாவது 2021-இலும் வந்தன.

கப்பல் இருக்கட்டும், கடல் எப்படி உறைகிறது? மொன்பெட்சு வெனிஸ் நகரத்தைவிடத் தெற்கே இருக்கிறது. அந்த அட்சரேகையில் கடல் பனியால் மூடிக்கொள்வது அபூர்வம். காரணம் அமுர் நதி. அது கொண்டுவந்து கொட்டும் நன்னீரால் ஓகோட்ஸ்க் கடலின் மேலடுக்கில், ஏறத்தாழ 50 மீட்டர் ஆழம்வரை, உப்பு குறைவு. சாதாரணமாக, குளிர்ந்த கடல்நீர் கனத்துக் கீழே இறங்கும். கீழிருக்கும் வெப்பமான நீர் மேலே வரும். இங்கோ மேலடுக்கு எவ்வளவு குளிர்ந்தாலும் அடியிலுள்ள உப்புநீரைவிட லேசாகவே இருக்கிறது. அதனால் அந்த 50 மீட்டர் குளிர்ந்தாலே போதும், கடல் உறையத் தொடங்கிவிடும். சைபீரியக் காற்றும் சகாலின் தீவின் கிழக்கே ஓடும் நீரோட்டமும் அந்தப் பனியைத் தெற்கே தள்ளிவருகின்றன.

ஜனவரி இறுதியில் பாளங்கள் கண்ணுக்குத் தெரியும்; பிப்ரவரி நடுப்பகுதிதான் உச்சம். மொன்பெட்சுவுக்கு ரயில் 1989-லேயே நின்றுவிட்டது. டோக்கியோவின் ஹனேதாவிலிருந்து விமானம் உண்டு. சப்போரோவிலிருந்து பேருந்தில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரயிலில்தான் போவேன் என்பவர்கள் அபஷிரிக்குப் போய் ‘அரோரா’ கப்பலில் ஏறலாம். அது வெறும் எடையால் பனியை உடைப்பது, திருகு கிடையாது.

ஒரே ஒரு எச்சரிக்கை: காற்று திசை மாறினால், நேற்றுவரை கரையை அடைத்துக் கிடந்த பனி ஒரே இரவில் தொலைவுக்குப் போய்விடும். இருக்கையை முன்பதிவு செய்யுங்கள். ஆனால் பனியை முன்பதிவு செய்ய முடியாது. குறைந்தது இரண்டு இரவாவது அந்தக் கடலோரத்தில் தங்கும்படி திட்டமிடுங்கள்.