'பிரிங் ஃபார்வர்ட்' என்றால் தள்ளி வைப்பதா?

பாட்டிக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை 20ஆம் தேதி என்று அட்டையில் எழுதியிருந்தது. 9ஆம் தேதி மருத்துவமனையிலிருந்து போன் வந்தபோது வீட்டில் இருந்தது அத்தை மட்டும்தான். "பிராட் ஃபார்வர்ட் பை ஒன் வீக்" என்று தாதி சொன்னதை அவர் கவனமாகத்தான் கேட்டுக்கொண்டார். வேலை முடிந்து வந்த அப்பாவிடம், "ஒரு வாரம் தள்ளிப் போயிருச்சாம்" என்றார். 27ஆம் தேதி காலையில் தோட்டத்திலிருந்து வேன் பிடித்துப் போய் நின்றால், பாட்டியின் முறை 13ஆம் தேதியே கடந்துவிட்டிருந்தது. மறுபடியும் பெயர் பதிந்து மூன்று மாதம் காத்திருந்தார். அதற்குள் அடுப்படியில் இரண்டு முறை தடுக்கி விழுந்தார்.

அத்தையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. 'ஃபார்வர்ட்' என்றால் முன்னோக்கி. 20இலிருந்து முன்னோக்கிப் போனால் 27தானே என்று யாருக்கும் தோன்றும். ஆங்கிலத்தில் கணக்கு வேறு. நிகழ்ச்சியை நம் பக்கமாக இழுத்துக்கொண்டு வருகிறார்கள். ஆகவே 'பிரிங் ஃபார்வர்ட்' என்றால் குறித்த நாளுக்கு முன்பே நடக்கும். 'போஸ்ட்போன்', 'புஷ் பேக்' இரண்டும்தான் தள்ளிப் போவது.

தமிழ் படித்தவள் என்பதால் ஒன்று சொல்லலாம். நம் 'முன்'னும் லேசுப்பட்டதில்லை. 'முன்பு' என்றால் கடந்த காலம். 'முன்னேறு' என்றால் இனிப் போகவேண்டிய பக்கம். "முன்னுக்குத் தள்ளிட்டாங்க" என்று மாற்றிச் சொன்னாலும் குழப்பம் தீராது. போனை வைப்பதற்குள் தேதியைக் கேட்டு வாங்கி, காலண்டரில் எழுதிவிட வேண்டும். "வாட் இஸ் தி நியூ டேட்?" வாயில் வரவில்லையென்றால் "பெராப்பா ஹாரி புலான்?" போதும். தாதிக்குப் புரியும்.

'பாஸ்' குடும்பம் இன்னும் ஆபத்தானது. 'பாஸ்ட் அவுட்' என்றால் மயங்கி விழுந்தார். 'பாஸ்ட் அவே' என்றால் இறந்துவிட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அவசரத்தில் ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைத் தட்டிவிட்டால், கோலாலம்பூரில் இருக்கும் மகள் மாலை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். 'ஃபெயிண்டட்' என்று போட்டால் வம்பில்லை. தமிழிலேயே "மயக்கம் போட்டுட்டாரு" என்று குரல் பதிவு அனுப்பினால் அதைவிட நல்லது.

பள்ளியில் "பாஸ் அப் யுவர் புக்ஸ்" என்று கேட்டே வளர்ந்தோம். நமக்குள் புரியும். வெளிநாட்டு முதலாளிக்கு "ஐ பாஸ்ட் அப் தி ஆஃபர் லெட்டர்" என்று எழுதினால், கிடைத்த வேலையை வேண்டாமென்று விட்டதாகத்தான் படிப்பார். 'சப்மிட்டட்' என்று எழுதுங்கள்.

'பை', 'அண்டில்' இரண்டுக்கும் நம்மிடம் அளவெடுத்ததுபோல் சொற்கள் இருக்கின்றன. 'பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்குள், 'அண்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளிவரை. கிளினிக்கில் மருந்தை 'அண்டில் ஃப்ரைடே' சாப்பிடச் சொன்னதை, "வெள்ளிக்குள்ள முடிக்கணுமாம்" என்று தாத்தாவிடம் சொல்லிவிட்டால், மிச்ச மாத்திரைகளை அவர் வியாழன் இரவே மொத்தமாக விழுங்கிவிடக்கூடும்.