மூன்று நீல நூல்

லண்டன், 1719. ஸ்பிட்டல்ஃபீல்ட்ஸ் பட்டு நெசவாளர்கள் தெருவில் இறங்கி, சீட்டித் துணி உடுத்தி வந்த பெண்களை மறித்தார்கள். உடையைக் கிழித்தார்கள், மையையும் அமிலத்தையும் வீசினார்கள். இந்தியாவிலிருந்து கப்பலேறிய பருத்தியை உடுத்தியதுதான் அந்தப் பெண்கள் செய்த குற்றம். துவைத்தாலும் சாயம் போகாது, விலையும் குறைவு. பட்டும் கம்பளியும் அதோடு போட்டி போட முடியவில்லை.

இந்தியச் சாயத்துணி இறக்குமதிக்கு 1700-லேயே தடை வந்துவிட்டது. அது போதாமல் 1721-இல் இன்னொரு சட்டம்: எங்கு நெய்ததானாலும் சாயமிட்ட பருத்தித் துணியை உடுத்துவதே குற்றம், காட்டிக்கொடுப்பவருக்கு 5 பவுண்டு. சோழமண்டலக் கரைத் துணி அதன் பிறகும் லண்டனுக்கு வந்தது, மறு ஏற்றுமதிக்காக. மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்க அதுவும் ஒரு பண்டமாற்றுச் சரக்கு. அந்த அடிமைகள் கரீபியத் தீவுகளில் விளைவித்த பஞ்சு, இங்கிலாந்தில் பருத்தி நெசவு நடந்த லங்காஷயருக்குப் போனது.

தொழிற்புரட்சி என்றதும் பள்ளிப் பாடம் கண்டுபிடிப்பாளர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்லும். அவர்கள் எதை எட்டிப்பிடிக்க ஓடினார்கள் என்று சொல்லாது. லங்காஷயரில் கையால் நூற்ற பருத்தி இழைக்குப் பாவு ஓட்டும் வலு கிடையாது. தறியில் இழுத்துக் கட்டினால் அறுந்துவிடும். அதனால் பாவுக்கு லினன், ஊடைக்குப் பருத்தி என்று கலந்து நெய்தார்கள். அந்தக் கலப்புத் துணிக்கு 1736-இல் சட்டவிலக்கும் கிடைத்தது. நம் ஊர்ப் பெண்கள் ராட்டையில் அன்றாடம் நூற்ற முறுக்கு மட்டும் லங்காஷயர்க்காரர்கள் கைக்கு வரவில்லை.

முடிதிருத்தும் தொழிலிலிருந்து வந்த ரிச்சர்டு ஆர்க்ரைட் 1769-இல் காப்புரிமை பெற்ற நூற்பு இயந்திரம் அந்த முறுக்கைக் கொடுத்தது. 1771-இல் க்ராம்ஃபோர்டில், தண்ணீரின் விசையில் ஓடும் ஆலையைத் தொடங்கினார். முழுப் பருத்தித் துணி நெய்ய வழி பிறந்தது. இப்போது வேடிக்கை, 1721 சட்டம் அவர் துணிக்கே குறுக்கே நின்றது! நாடாளுமன்றத்தில் முறையிட்டு 1774-இல் விலக்கு வாங்கினார். உள்நாட்டுச் சரக்கு என்று தெரிய, துணியின் இரு கரையிலும் மூன்று நீல நூல் ஓட வேண்டும் என்பது நிபந்தனை. இந்தியச் சாயத்துணிக்கு மட்டும் தடை நீடித்தது.

தடையற்ற வணிகம் பற்றி லங்காஷயரின் மான்செஸ்டர் நகரம் உரக்கப் பேசியதெல்லாம் ஆலைகள் வேரூன்றிய பிறகுதான். 1813-இல் இந்திய வணிகத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகம் முடிந்தது. லங்காஷயர் துணியும் நூலும் சொற்பச் சுங்கத்தோடு, மசூலாப் படகுகளில் சென்னைக் கரையில் வந்து இறங்கின. இந்தியத் துணி லண்டனில் இறங்க, அதைப்போலப் பல மடங்கு சுங்கம் கட்ட வேண்டியிருந்தது.