உங்களுக்குத் தெரியுமா? மாவு மூட்டையின் பெயரில் ஓர் இசைத் திருவிழா!

அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரை ஊர் ஹெலினா. 1986 முதல் அக்டோபரில் அங்கே ‘கிங் பிஸ்கட்’ புளூஸ் விழா நடக்கிறது. வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய கரைமேட்டின் புல்சரிவுதான் கேலரி, மேடை கீழே.

‘கிங் பிஸ்கட்’ என்பது ஒரு கோதுமை மாவு! 1941 நவம்பரில் உள்ளூர் வானொலியில் சன்னி பாய் வில்லியம்சனின் மவுத் ஆர்கனும் ராபர்ட் லாக்வுட்டின் கிட்டாரும் ஒலிக்கத் தொடங்கின. செலவை ஏற்றவர், அந்த மாவை விற்ற மளிகை மொத்த வியாபாரி. பாட்டுக்கு நடுவே மாவைப் புகழ வேண்டும். பதிலுக்கு, அன்றிரவு எந்த ஊரில் கச்சேரி என்று மைக்கில் சொல்லிக்கொள்ளலாம். அந்தக் காலத்துக்கு நல்ல பேரம்தான். நண்பகல் நிகழ்ச்சி என்பதால் வயல்வேலைக்காரர்கள் சாப்பாட்டு இடைவேளையில் கேட்டார்கள். அவர்களில் ஒருவர், பின்னாளில் புளூஸ் நட்சத்திரமான இளம் பி.பி. கிங்.

மாவு அமோகமாக விற்றது. அடுத்து, சன்னி பாய் படம் அச்சிட்ட பையில் சோள மாவும் வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்கு முன் அவர் மில்லர் என்றே அறியப்பட்டார். ‘சன்னி பாய் வில்லியம்சன்’ என்பது சிகாகோவில் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்த இன்னொரு மவுத் ஆர்கன் கலைஞரின் பெயர்!